கழற்றி வைத்த வளையல்கள்

கையில் ஒரு வளையல்கூட இல்லாதபோது சந்தனச்செல்விக்கு வளையல் சத்தம் கேட்டது.

மில்லர்புரத்தில் அம்மா வீட்டு நடு அறையில், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. உப்புக்காற்று ஈரமாக வந்து திரைச்சீலையை ஊதிவிட்டுப் போனது. அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்த சாளைமீன் குழம்பின் புளிவாடை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதற்கு நடுவில்தான் அந்தச் சத்தம். கிலுங். ஒரே ஒரு தடவை.

லாரி அதிர்வில் தம்ளர்கள் உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் அரண்டுபோய்த்தான் மாதக்கணக்காகிறதே.

போன வருஷம் கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அசைவு நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை. அதனால் இந்தத் தடவை உள்ளங்கையை வயிற்றிலிருந்து எடுப்பதே இல்லை.

"படபடப்பு வந்தா மூச்ச மெதுவா இழுத்து விடுங்க. பயத்த உள்ளயே பூட்டி வைக்காதீங்க, வீட்ல யார்ட்டயாவது சொல்லுங்க," என்றிருந்தார் டாக்டரம்மா. மூச்சை இழுத்து விட்டாள். சொல்லத்தான் இல்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம்.

வளையல்களைக் கழற்றியதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வளைகாப்பில் மாமியார் சீனித்தாய் முதலில் வேப்பிலைக் காப்பு போட்டு, அதற்குமேல் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்களாக அடுக்கினாள். "பிள்ளைக்குத்தாம்ளா இந்தச் சத்தம். பேறுகாலம் வரைக்கும் கழத்திராத. அது கேட்டுக்கிட்டே கெடக்கும்," என்றாள். ஆனால் வயிற்றில் கை வைத்துக் காத்திருக்கும்போதெல்லாம் வளையல்கள் குலுங்கி, அசைந்தது பிள்ளையா தன் கையா என்று அவளைக் குழப்பின. முந்தாநாள் சோப்புத் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் உருவி, காப்போடு சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அம்மா கண்ணில் படாதிருக்க முழுக்கை நைட்டி போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கு மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லை.

மறுபடியும் கிலுங்.

"எம்மா."

"என்னளா?" என்றாள் சங்கரம்மாள் அடுப்படியிலிருந்து.

"ஏதோ சத்தம் கேக்கு."

"லாரிதான். கண்ண மூடிப் படு. நான் பால் வாங்கிட்டு வந்துருதேன்."

பிள்ளை அசையவில்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போனது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஜன்னலில் பொழுது மங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்டும் போனது. மின்விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றது. லாரிச் சத்தமும் ஓய்ந்திருந்தது.

கிலுங். கிலுங்.

பீரோவுக்குள்ளிருந்துதான் வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி அவள் தாலிக்கொடி ஊக்கில் இருந்தது. திறந்தாள். அந்துருண்டை வாடை. சேலைகள் கலையவில்லை. அடியில் கைவிட்டு டப்பாவை எடுத்தாள்.

கனமே இல்லை.

மூடியைத் திறந்தாள். வேப்பிலைக் காப்பு மட்டும் காய்ந்து கிடந்தது. ஒரு வளையல்கூட இல்லை.

மூச்சை இழுத்தாள். விட்டாள். இழுத்தாள்.

கிலுங்.

பீரோவில் இல்லை. அறையிலும் இல்லை. பக்கத்தில். ரொம்பப் பக்கத்தில்.

உள்ளங்கைக்கு அடியில் வயிறு மெல்லப் புரண்டது. பிள்ளை. உயிரோடுதான் இருக்கிறது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

புரண்ட இடத்தில், தோலுக்கு அடியில், கிலுகிலுவென்று சத்தம் உருண்டு போனது.

கையை எடுக்க வரவில்லை. வட்டமாக ஏதோ உள்ளங்கையில் முட்டியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று.

தெருக்கதவு திறந்தது.

"ஏளா செல்வி," என்றாள் அம்மா இருட்டில். "பிள்ள அசையுதா?"

பிள்ளை ஓங்கி ஒரு உதை விட்டது.

உள்ளே ஒரு வளையல் உடைந்தது.