பேய் பங்களாவில் திருட்டு

விஜயதசமி காலை, பத்து மணிகூட ஆகவில்லை. அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் தீபலட்சுமிக்கு இரண்டு பேர் மேல் எரிச்சல் வந்திருந்தது. ஒருவர், கருவடிக்குப்பத்து வீட்டில் இட்லித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தவளைப் போன் போட்டு எழுப்பிய ஏட்டு இராமதாஸ். இன்னொருவர், புகார் கொடுத்த தொமினிக். திருடு போனது என்ன என்று சொல்லாமல் திருடன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சக்கரபாணிதான் மேடம். ஜீப்புல ஏத்துங்க."

"மொதல்ல என்ன காணோம்னு சொல்லுங்க சார்."

"என் லுயீஸ் காணோம்."

இராமதாஸ் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றினார். யாரோ செத்துவிட்டதாக நினைத்துவிட்டார்.

லுயீஸ், தொமினிக்கின் மனைவி. இறந்து சில வருடங்கள் ஆகின்றன. தொமினிக் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு, கடற்கரைக்குப் பின்தெருவில் வீடியோ கேம் கடை நடத்துகிறார். அங்கே துப்பாக்கி ஆட்டங்கள் இரண்டு: பேய் பங்களா, கொள்ளைக்கப்பல். பேய் பங்களாவில் முதலிடம் இன்றுவரை லுயீசுக்குத்தான். ஒவ்வொரு காலையும் மெஷினைப் போட்டால், பட்டியலின் உச்சியில் எல், ஓ, யூ என்று மூன்று எழுத்து வரும். அதைப் பார்த்த பிறகுதான் தொமினிக் காபி குடிப்பார். மெஷினுக்குள் அந்தப் பெயரைச் சேமித்து வைத்திருந்த சர்க்யூட் போர்டைத்தான் இன்று காலை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மெஷினோட பின்கதவ ஒடைக்கல மேடம். சாவி போட்டுத் தொறந்திருக்கு. ஒரு சாவி என் ரூம்ல ஆணியில மாட்டியிருக்கு. இன்னொன்னு மெக்கானிக் சக்கரபாணி இடுப்புல. வேற யாரு?"

தீபலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். காக்கி பேன்ட்டில் சந்தனத்தூள். நேற்று ஆயுத பூஜை. மெஷின், சுவிட்ச், தண்ணீர் கேன் என்று எதுவும் தப்பவில்லை, ஸ்டூல் உட்பட.

"யாரு இதுக்கெல்லாம் பொட்டு வெச்சது?"

"நான்தாம்மா," என்றாள் கடையைப் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மாள். "வருஷா வருஷம் சக்கரபாணி வெப்பாரு. நேத்து அவரு லீவு. நான் ஒண்ணு வுடாம வெச்சேன். பூஜ முடிஞ்சதும் கடையப் பூட்டிட்டோம்."

"காலைல எங்க இருந்தே?"

"வாசல்ல கோலம் போட்டுக்கிட்டிருந்தேன். வெளியாளு யாரும் உள்ள போவல. கப்பல் மெஷினு டுமீல் டுமீல்னு கத்திக்கிட்டு கெடந்துச்சு. அது எப்பவும் கத்தும், ஆளு ஆடுனாலும் ஆடாட்டியும்."

மெக்கானிக் சக்கரபாணி சுவரோரம் நின்றார். பிள்ளைச்சாவடிக்காரர். அவமானத்தில் முகம் வெந்துபோயிருந்தது.

"காலைல வந்து எல்லாத்தையும் ஆன் பண்ணேன். அந்தம்மா பேரு வந்துச்சு. பாத்துட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா திரை இருட்டு. அவ்ளோதான்."

தீபலட்சுமி பேய் பங்களாவின் துப்பாக்கியை எடுத்துப் புரட்டினாள். "இதுக்குள்ள என்னதான் இருக்கு? என்ன வெளிய வருது?"

"ஒண்ணும் வராது. குழலுக்குள்ள ஒரு கண்ணு இருக்குது மேடம். விசைய இழுத்தா திரை ஒரு தரம் மின்னும். அத அந்தக் கண்ணு பாத்தாத்தான் பேய் சாவும். புது டிவியில இது வேலைக்கு ஆவாது. அதனாலதான் இந்தப் பழைய பெட்டிங்களோட நான் மாரடிக்கிறேன். அதுக்குத்தான் இன்னிக்கி திருடன்னு பேரு."

அடுத்து மத்தியோ. தொமினிக்கின் அக்கா மகன், பாரீசிலிருந்து வந்து ஒரு மாதமாக மாமா வீட்டில் தங்கியிருக்கிறான்.

"காலைல எங்க இருந்தீங்க?"

"இங்கதான். கொள்ளைக்கப்பல் ஆடினேன்."

"எப்பலேர்ந்து?"

"அவர் டீக்குப் போனதுலேர்ந்து. ரெண்டு லெவல் முடிச்சு கேப்டனையும் கொன்னேன்."

"எதாச்சும் பாத்தீங்களா?"

மத்தியோ மாமாவைப் பார்த்தான். "சக்கரபாணி திரும்பி வந்து மெஷினுக்குப் பின்னால குனிஞ்சார்."

"பொய்யி!" என்று கத்தினார் சக்கரபாணி.

"சாவியக் குடுடா," என்றார் தொமினிக்.

சக்கரபாணி இடுப்பிலிருந்து சாவியை உருவி மேசைமேல் எறிந்தார். "உங்க வீட்டம்மாவுக்கு துப்பாக்கி புடிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். என்ன ஜீப்புல ஏத்துனா ஊருல எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நடப்பேன்?"

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். இராமதாஸ் ஜீப்பைக் கிளப்பட்டுமா என்று நச்சரித்தார். தீபலட்சுமிக்குப் பசி, தலைவலி. யாரையாவது சுட வேண்டும்போல் இருந்தது. கொள்ளைக்கப்பலின் ஒரே துப்பாக்கியை எடுத்துத் திரையில் பல்லிளித்த கொள்ளைக்காரனைச் சுட்டாள். விழவில்லை. பக்கத்தில் போய்ச் சுட்டாள். சிரித்தான்.

துப்பாக்கியைத் திருப்பிக் குழலைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மத்தியோ, ஒரே ஒருத்தனச் சுட்டுக் காட்டுங்க," என்றாள்.

அவன் சுட்டான், மறுபடி சுட்டான். ஒருவனும் விழவில்லை.

"ஏன் விழல? நான் சொல்றேன். கன்னியம்மா, துப்பாக்கிக்கு எங்க பொட்டு வெச்சே?"

"முகத்துலதாம்மா. குழலு வாயில கண்ணாடி பளபளன்னு இருந்துச்சு, அங்க. பின்ன முதுகுலயா வெப்பாங்க?"

சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, கைப்பிடியிலதான் வெக்கணும்!"

"அந்தக் கண்ணு நேத்துலேர்ந்து மூடிக் கெடக்கு," என்றாள் தீபலட்சுமி. "ஒரு ஈயக்கூட இது சுட்டிருக்காது. இவரு எப்படிக் கேப்டன கொன்னாரு?"

"இப்ப யாராவது வெச்சிருப்பாங்க," என்றான் மத்தியோ.

"இப்ப வெச்சா ஈரமா இருக்கும். இது காஞ்சு வெடிச்சிருக்கு. நீங்க இந்தத் துப்பாக்கியத் தொடவே இல்ல. மாமா ரூம் ஆணியில இருந்த சாவிய எடுத்தீங்க, போர்டக் கழட்டுனீங்க, சாவிய திரும்ப மாட்டுனீங்க. மாட்டிக்குவோமோன்னு பயந்து இவரு பேரச் சொன்னீங்க. போர்டு எங்க?"

மத்தியோ வாடகை ஸ்கூட்டரின் சாவியை நீட்டினான். இராமதாஸ் வெளியே போய், சீட்டுக்கு அடியிலிருந்து, துண்டில் சுற்றிய போர்டைக் கொண்டுவந்தார்.

"அம்மா பாரீசுல தனியா கெடக்காங்க. நீங்க இங்க தனியா கெடக்கறீங்க," என்றான் மத்தியோ. "எத்தனை தடவை கூப்பிட்டேன் மாமா? அந்தப் பேரு இருக்கற வரைக்கும் நீங்க நகர மாட்டீங்க."

தொமினிக் போர்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதை எப்படி மாட்டுவது என்று அவருக்குத் தெரியாது. அங்கே தெரிந்தவர் ஒருவர்தான்.

சக்கரபாணி போர்டை அவர் கையிலிருந்து எடுத்தார். பேய் பங்களாவின் பின்னால் குனிந்தார். திரை மின்னியது. பட்டியல் வந்தது. உச்சியில் எல், ஓ, யூ.

"அந்தம்மாவுக்காக மாட்டுனேன். உங்களுக்காக இல்ல," என்றார். சாவியை மேசையிலேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

தொமினிக் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தீபலட்சுமிக்கு அவர் தோளைப் பிடித்து உலுக்கலாம்போல் இருந்தது.

"சார், போர்டு கெடைச்சிருச்சு. இப்ப காணாமப் போறது அவரு. அதுக்கு நான் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. ஓடுங்க."

தொமினிக் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், "சக்கரபாணி! சக்கரபாணி!" என்று கூப்பிட்டபடி தெருவில் ஓடினார்.