மேலுதட்டில் ஒரு கோடு

நேற்று இல்லாத கோடு அது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மேலுதட்டில், இடது மூக்குத் துவாரத்துக்கு நேர் கீழே, மயிரிழை அகலத்தில் கறுப்பாக நின்றது.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மதிய வேளை. ஜெல்லின் மணமும் ஏசியின் முனகலும் நிறைந்த ஸ்கேன் அறையின் அரையிருட்டில் அவள் மல்லாந்து படுத்து, தன் வயிற்றில் தானே கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக் கிடந்தாள். பதினோரு வருடங்களாக மற்றவர்களின் குழந்தைகளை அவர்களுக்குக் காட்டுகிறவள். நிழல் எது, பிளவு எது என்று தெரியாதவளல்ல. கருவியைச் சாய்த்தாள். கோடும் உதட்டோடு சேர்ந்து சாய்ந்தது.

முதல் குழந்தை ஆறாவது வாரத்தில் கலைந்துபோனது. முகம் சேர்வதற்கு முன்பே. நெற்றியிலிருந்து இறங்கும் சதையும் இரு கன்னங்களிலிருந்து ஊர்ந்து வரும் சதையும் மூக்கின் கீழ் சந்தித்து ஒட்டிக்கொண்டால்தான் மேலுதடு. ஏழாவது வாரத்தில் அது நடக்கும். அதனால்தான் இந்தக் குழந்தையை அவள் அன்றாடம் பார்த்தாள். இருபத்திரண்டாவது வாரம். முகம் சேர்ந்தாயிற்று. சேர்ந்தது பிரியாது, எந்தப் புத்தகத்திலும் பிரிந்ததில்லை.

கருவியைத் துடைத்து மாட்டிவிட்டு, வழக்கம்போல் அன்றைய படத்தை அழித்தாள். நோயாளிகளுக்கான இயந்திரத்தை ஊழியர்கள் தங்களுக்காகத் தொடக்கூடாது. மாலையில் டாக்டர் எல்லாப் படங்களையும் பார்ப்பார்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவன் கேட்டான்: "எலிக்குட்டி இன்னைக்கு எப்படி? யாரு ஜாடை?"

"இன்னும் தெரியல."

"நேத்து என் மூக்குன்னியே. அதுக்குள்ள மாத்திக்கிச்சா?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். அவள் நாக்கு நுனியால் தன் அண்ணத்தைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கோடு அகன்று மூக்குவரை ஏறியிருந்தது. உள்ளே அண்ணம் இரண்டாகத் திறந்து கிடந்தது. படத்தை அழித்தாள். அதற்கடுத்த நாள் மறுபக்கமும் பிரிந்தது, மூக்குத் துவாரங்கள் விலகின, கண்கள் காதுகளை நோக்கி நகரத் தொடங்கியிருந்தன. அழித்தாள். நான்காம் நாள் கண்கள் மீனுக்கு இருப்பதுபோல் இருபக்கமும் போயிருந்தன. நடுவில் அகலமான ஒரு குழி. உடம்பு மட்டும் இருபத்திரண்டு வார உடம்பு; கைவிரல்களில் நகம்கூட முளைத்திருந்தது.

அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். விரல் அப்படியே நின்றது.

அழித்த ஒவ்வொரு நாளும் முகம் ஒரு வாரம் பின்னால் போயிருக்கிறது.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். வேலை போனால் போகட்டும் என்று படத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் மதியம் டாக்டரே கூப்பிட்டார்.

"ஏம்மா, யாரு படம் இது? பேரும் இல்ல, ஊரும் இல்ல."

"என்னோடது மேடம்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. "மங்கலா இருக்கு. தனக்குத்தானே பார்த்தா இப்படித்தான் வரும். படு, நான் பார்க்கறேன்."

ஜெல் குளிர்ந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். ஏசியின் முனகல். கருவி வழுக்கிச் செல்லும் ஓசை.

"அட, மூக்கும் முழியுமா எவ்வளவு லட்சணமா இருக்கு. எதுக்கு இப்படி வெலவெலத்துப் போயிருக்கே? கண்ணைத் திற."

திறந்தாள். முகம் இருந்தது. சேர்ந்த உதடு, நடுவில் நின்ற கண்கள், கணவனின் மூக்கு. கோடு இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. டாக்டர் அவள் தோளைத் தட்டினார்.

"பாரு, ரெண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே வச்சுக்கிட்டு சமர்த்தா தூங்குது. இதோ, கொட்டாவி விடுது."

வாய் திறந்தது.

மூடவில்லை.

அகன்றது. உதடு வெளுத்து இழுபட்டது. வாய்க்குள் மெல்லிய தோல் ஒன்று, வாய் உண்டாகும் முன் குழியை மூடியிருக்கும் நான்காம் வாரத்துத் தோல். அது உள்ளிருந்து புடைத்தது. தளர்ந்தது. மறுபடி புடைத்தது. வயிற்றில் அவளுக்கு உதை விழவில்லை. யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் இருந்தது.

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"ரெண்டு கையும் இங்கதானே இருக்கு," என்றார், மெதுவாக, தனக்குத்தானே.

கன்னத்துக்குக் கீழே இரண்டு கைகளும் அசையாமல் இருந்தன. பத்து விரல்கள்.

தோல் கிழிந்தது.

நான்கு விரல்கள், வாயின் உள்ளிருந்து, மேலுதட்டின் ஓரத்தை வந்து பற்றின. பிறகு மறுபக்கம் நான்கு. திரைச்சீலையை விலக்கிப் பார்க்க வருகிறவரைப் போல, அவசரமே இல்லாமல், அவை முகத்தை இரண்டு பக்கமும் விலக்கின.