ஆடிய மூடிகள்

"மேடம், இன்னைக்குச் சாயங்காலத்தோட என் படிப்பு முடிஞ்சுது" என்றாள் ஆராய்ச்சி மாணவி, வாசலில் நின்றபடியே.

துப்பறியும் அம்மாள் நாற்காலியைக் காட்டினார். அவருடைய மாப்பிள்ளை அதற்குள் குறிப்பேட்டையும் பேனாவையும் திறந்துவிட்டார். மாமியாருக்கு உதவியாளராக வந்து சேர்ந்த நாள்முதல், எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் சந்தேகப்படுவதே அவர் வேலை.

குடலின் உட்சுவர் செல்களைக் குழிகள் வைத்த பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்க்கிறாள் அவள். வலி மாத்திரை அவற்றை அரித்துவிடும். அவளுடைய மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் தாங்கும். இதுவரை எப்போதும் தாங்கின. இன்று காலையில், மருந்து பெற்ற தட்டில் செல்கள் கூண்டோடு செத்திருந்தன. மருந்தே இல்லாமல் வலி மாத்திரை மட்டும் பெற்ற தட்டு ஜம்மென்று இருந்தது. முன்பு காட்டியதெல்லாம் பித்தலாட்டம் என்று பேராசிரியர் கத்தினார். மாலையில் விசாரணைக் குழு கூடுகிறது.

"எங்கம்மா மூட்டுவலி மாத்திரை போட்டுப் போட்டு ரத்த வாந்தி எடுத்தாங்க. அவங்களுக்காகத்தான் இதுக்கே வந்தேன்" என்றாள்.

ஆய்வகத்தில் மாப்பிள்ளை கிசுகிசுத்தார். "அத்தை, ஆளு சிக்கிட்டான்! பக்கத்து மேஜைக்காரன் நம்மளைப் பார்க்கவே மாட்டேங்கிறான்."

"நீங்க முறைக்கிற முறைப்புக்கு யாரு பார்ப்பாங்க? சும்மா இருங்க மாப்பிள்ளை."

அம்மாள் இரண்டு தட்டுகளையும் தொட்டார். மூடிகள் சரியாக உட்காராமல் ஆடின. ஒன்றில் 'மருந்து' என்றும் மற்றதில் 'வெறும்' என்றும் எழுதியிருந்தது. தட்டுகளின் அடியில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"ரெண்டு தட்டும் ஒரே பெட்டியில வந்ததா?"

"இல்ல மேடம். பழைய பெட்டி தீர்ந்துபோச்சு. மருந்துக்குப் புதுசுல எடுத்தேன்."

"நேத்து ராத்திரி ரெண்டுலயும் வலி மாத்திரைக் கரைசலை ஊத்தினப்போ மூடிகளை எப்படித் திறந்தீங்க?"

"ஒண்ணை மூடிட்டுத்தான் இன்னொண்ணைத் திறப்பேன்."

பேராசிரியர் வேகமாக உள்ளே வந்தார். "நேத்து சாயங்காலம் விருந்தாளிங்களுக்கு மைக்ராஸ்கோப்புல நானே காட்டினேன். ரெண்டு தட்டும் பளிச்சுனு இருந்துச்சு. அப்புறம் இவதான் என்னமோ பண்ணியிருக்கா!"

பக்கத்து அறையில் நாற்காலிகள் இழுபட்டன. குழு வந்துவிட்டது.

அம்மாள் நிதானமாக, வெதுவெதுப்பான வளர்ப்புப் பெட்டியிலிருந்து வேறொரு தட்டை எடுக்கச் சொன்னார். வெளியே வந்த சற்று நேரத்தில் மூடியின் உட்புறம் வியர்த்தது.

"இது வழியா பளிச்சுனு தெரியுமா சார்?"

"தெரியாது. மூடியைக் கழட்டிட்டுத்தான்..." அவர் நிறுத்தினார்.

"ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டினீங்களா?"

அம்மாள் மூடிகளை மாற்றி வைத்தார். இரண்டும் ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தன.

"பெட்டிக்குப் பெட்டி மூடி அளவு கொஞ்சம் மாறுது. நேத்து சாயங்காலம் நீங்க காட்டினப்போ மருந்து குடுத்தாச்சு, வலி மாத்திரை இன்னும் ஊத்தலை. எல்லா செல்லும் உயிரோட இருந்ததால வித்தியாசம் தெரியலை. மூடி மாறினதும் பேரும் மாறிடுச்சு. புதுப் பெட்டித் தட்டுதான் மருந்துத் தட்டு. பிழைச்சிருக்கிறதும் அதுதான்."

"ஆரம்பிக்கலாமா?" என்று குழுவில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இவர் வாய் திறக்காவிட்டால் என்ன ஆவது என்று மாணவி அவரையே பார்த்தாள்.

"முதல்ல நான் பேசணும்" என்றார் கடைசியில். "தப்பு என் கையால நடந்தது."

மாப்பிள்ளை குறிப்பேட்டில் எழுதியிருந்த பக்கத்து மேஜைக்காரனின் பெயரைச் சத்தமில்லாமல் அடித்தார்.

மாணவி போனை அழுத்தினாள். "அம்மா, மருந்து காப்பாத்துதும்மா" என்றாள். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.