எட்டடி அறை

நகரத்தின் நடுவே, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடம். இடிக்கக் கூடாது, முன்பிருந்தபடியே புதுப்பிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று உத்தரவு வாங்கியவள் அக்காதான். அவள் பொறியாளர், தம்பி அவளிடமே கொத்தனார். முதல் வரைபடத்தில் உள்ளதெல்லாம் கட்டடத்திலும் இருந்தாக வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

மூன்றாம் மாடியில் வரைபடத்தின்படி ஏழு கதவு. சுவரில் ஆறுதான்.

"அத மட்டும் விட்டுடும்மா," என்று கிசுகிசுத்தார் பக்கத்து வீட்டுக்காரர். "எங்கப்பா காலத்துலயே அடைச்சது. ஏன்னு யாரும் சொல்லல."

"கதவுன்னு இருந்தா தொறக்கத்தானே சார்," என்று சிரித்தாள் அக்கா.

காலை பதினோரு மணிக்குச் செங்கலைப் பெயர்த்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. அன்றுதான் பூசியதுபோல் ஈரச் சுண்ணாம்பு வாடை.

வரைபடத்தில் எட்டடி அறை. அதற்கப்பால் வெளிச்சுவர், தெரு. தம்பி டேப்பின் நுனியோடு உள்ளே போனான். சுவரில் வைத்ததும் இரண்டு முறை சுண்டுவான்; அவள் வாசலில் அளவைப் படிப்பாள். பத்து வருஷமாக அவர்களுக்குள் பேச்சே இல்லாமல் நடக்கிற வேலை இது.

எட்டு. பத்து.

பதினாறு.

"டேய், எங்கடா போற?"

டார்ச் அடித்தாள். எட்டடியில் சுவர் இருந்தது. தம்பி இல்லை. டேப் மட்டும் செங்கலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இருபத்தேழில் நின்றது. இரண்டு முறை சுண்டியது.

அவள் டேப்பை இழுத்தாள், வரவில்லை. கடப்பாரையால் ஒரு செங்கலைத் தள்ளினாள். வெயிலும் தெருவும்தான் தெரிந்தன. டேப் போன செங்கலில் கை வைப்பதற்குள், வேலையை மேற்பார்க்கும் நகராட்சி அதிகாரி வந்துவிட்டார்.

"வெளிச்சுவர இடிக்கக் கூடாது மேடம். நீங்க அலைஞ்சு வாங்குன உத்தரவுதானே?"

"உள்ள என் தம்பி சார்..."

அவர் ஓட்டை வழியே தெருவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தம்பி எங்கேயோ ஓடிப்போயிருப்பான் என்று போலீஸும் எழுதிக்கொண்டு போனது.

தினமும் அவள் அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். தினமும் பதினோரு மணிக்கு டேப் இரண்டடி, மூன்றடி உள்ளே போய் நிற்கிறது. தம்பியை விட்டுவிடக் கூடாது என்று டேப் பெட்டியைத் தன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

நூறடி டேப் அது. இன்று தொண்ணூற்றொன்பது.

மெல்ல, இரண்டு முறை சுண்டியது.