மூன்றாம் அறைப் பெரியவர் நலமாக இருக்கிறார்

"அய்யோ... டாக்டர்! மூணாம் ரூம் பெரியவரு...!"

ஆயாவின் அலறல் அந்த முதியோர் நர்சிங் ஹோம் முழுக்கக் கேட்டது.

டாக்டர் ஓடி வந்தார். முதலாளியும் அவர்தான். மணி காலை ஒன்பது.

கட்டிலில் பெரியவர் விறைத்துக் கிடந்தார். இரண்டு கைகளும் கட்டில் கம்பியோடு சேர்த்துத் துணியால் கட்டப்பட்டிருந்தன. தலைமாட்டில் அழைப்பு மணியின் ஒயர் பிடுங்கப்பட்டுத் தொங்கியது.

"உயிர் எப்ப போச்சு?"

"விடியக்காலம் நாலு மணி இருக்கும் டாக்டர்..." ராத்திரி டியூட்டி நர்ஸ் இழுத்தாள். "ராத்திரி பூரா பெல்லை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. ஒரே தொல்லை. அதான் ஒயரைப் பிடுங்கிட்டு, கையையும்..."

"அறிவிருக்கா? சாகறதுக்கு இன்னிக்குத்தானா கிடைச்சுது? பத்தரைக்கு இன்ஸ்பெக்‌ஷன்!"

பெரியவர் செத்ததில் அவருக்கு வருத்தம் இல்லை. தேதிதான் பிடிக்கவில்லை.

'அப்பாவைக் கட்டிப் போடுகிறார்கள்' என்று பெரியவரின் மகள் அரசாங்கத்துக்குப் புகார் எழுதியிருந்தாள். அதை விசாரிக்கத்தான் இன்ஸ்பெக்‌ஷன். வரும் தேதியை ஒரு வாரம் முன்பே போன் போட்டு டாக்டருக்குச் சொல்லியிருந்தார்கள். திருடனிடம் நேரம் கேட்டுக்கொண்டு வருகிற விசாரணை!

"கட்டை அவிழு. கழுத்து வரைக்கும் போர்த்து. ஆபீசர் போனப்புறம் செத்ததா எழுதிக்கலாம்!"

பத்தரைக்கு ஆபீசர் வந்தார். முதலில் தொப்பை வந்தது. பின்னால் அவர் வந்தார். நேராக டாக்டரின் ஏசி அறை. நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"சார்... ரூம்ஸ் பார்க்கறீங்களா?" டாக்டர் பயந்துகொண்டே கேட்டார்.

"எதுக்குய்யா? எல்லா ரூமும் ஒரே மாதிரிதானே இருக்கும்! ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்க."

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரிப்போர்ட் ஆபீசிலேயே டைப் ஆகி வந்திருந்தது. எந்த ஊர் நர்சிங் ஹோமுக்குப் போனாலும் அதே வாசகம்தான். அறை எண்ணையும் நேரத்தையும் மட்டும் பேனாவால் நிரப்புவார். நிரப்பினார். கையெழுத்து, முத்திரை. இடையில் இரண்டு ஆப்பிள் ஜூஸ்.

டாக்டர் அதைப் படிக்கக்கூட இல்லை. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பதினொன்றேகால்.

கதவு படாரென்று திறந்தது. பெரியவரின் மகள்! கூடவே ஒரு பெண் எஸ்.ஐ.

"எங்கப்பாவைக் கொன்னுட்டீங்களேடா!" மகள் வெடித்து அழுதாள். "ஆயா மட்டும் போன் பண்ணலைன்னா, இதையும் மூடி மறைச்சிருப்பீங்க!"

"என்னம்மா அபாண்டம்!" டாக்டர் பதறினார். "பதினோரு மணிக்கு ஹார்ட் அட்டாக். இன்ஸ்பெக்‌ஷன் அப்ப நல்லா இருந்தாரு. ஆபீசரே பார்த்தாரே! இதோ கவர்மென்ட் ரிப்போர்ட்!"

எஸ்.ஐ. வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"'மூன்றாம் அறை முதியவருடன் தனிமையில் பத்து நிமிடம் உரையாடினேன். புகாரை மறுத்தார். சொர்க்கத்தில் இருப்பதாகச் சிரித்தபடி கூறினார்...' உண்மையாவே பேசினாரா சார்?"

ஆபீசர் நெஞ்சை நிமிர்த்தினார். "பேசினாராவா! என்னை விடவே மாட்டேன்னுட்டாரு!"

டாக்டரின் முகம் வெளுத்தது. அடப்பாவி, இதையா எழுதி வைத்திருக்கிறான்!

மகள் அழுகையை நிறுத்தினாள்.

"மேடம்... அப்பாவுக்குத் தொண்டையில கேன்சர். ரெண்டு வருஷம் முன்னாடியே குரல்வளையை எடுத்துட்டாங்க. ஒரு வார்த்தை பேச வராது. கூப்பிடணும்னா அந்த பெல் ஒண்ணுதான்... அதையும் பிடுங்கிட்டாங்க."

ஆபீசர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார்.

"நான்தான் ரூமைப் பாருங்கன்னு சொன்னேனே சார்!" டாக்டர் அழுகிற குரலில் கத்தினார். நட்பு அவ்வளவுதான்.

"உடம்பைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வர்றேன். செத்துப் பல மணி நேரமாச்சு." எஸ்.ஐ. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். "டாக்டர், நர்ஸையும் கூப்பிடுங்க. மூணு பேரும் ஜீப்புல ஏறுங்க."

"நா... நான் எதுக்கு மேடம்?" ஆபீசருக்கு நாக்கு குழறியது.

"குரலே இல்லாத பிணத்தைப் பத்து நிமிஷம் பேச வெச்சிருக்கீங்க சார்... உயிரோட இருக்கிற இவங்க ரெண்டு பேரையும் பேச வைக்க, ஸ்டேஷன்ல உங்களை விட்டா எனக்கு வேற யாரு?"