ஒரு சத்தம் சரி, இரண்டு சத்தம் பிழை

"கழட்டு அந்த வளையல!"

ஆஸியா உம்மா போட்ட சத்தத்தில் அடுப்பில் ரொட்டி கருகியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அப்போதுதான் விடிந்திருந்தது. கண்டி வாவிப் பக்கமிருந்து வந்த பனி இன்னும் முற்றத்தை விட்டுப் போகவில்லை. மருமகள் ஸக்கியா மாவுக் கையோடு எழுந்து நின்றாள்.

"மாமி... என்ன நடந்த?"

"என்ன நடந்தயா? நேத்துக் கலியாண வீட்டுல அத்தின பொம்பளைகளும் என்னப் பாத்துச் சிரிச்சாளுகள்! 'ஒங்கட மகன் மாஸ்டர் இல்லயாமே... தெரைக்குள்ள இருந்து மருமகள் வளையல ஆட்டுறாளாம், ஒரு சத்தம் சரியாம், ரெண்டு சத்தம் பிழையாம்'ண்டு கேட்டாளுகள். ஊரே ஏன்ட புள்ளய மாஸ்டர்ண்டு கூப்புடுது. அந்தப் பேரத் தட்டிப் பறிச்சிட்டியே பாவி! யார்கிட்டப் போய்ப் பெருமை அடிச்ச?"

"அல்லாஹ்வுக்காக, நான் யாருக்கும் சொல்லல்ல மாமி..."

ஸக்கியா முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கதிரையில் புருஷன் ஹுஸைன் மாஸ்டர் குனிந்து, ஏற்கெனவே கட்டிய சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

புருஷன் உயிரோடு இருக்க, ஒரு பெண்ணைப் பார்த்து வளையலைக் கழற்றச் சொல்வது எவ்வளவு பொல்லாத சொல் என்பது ஆஸியா உம்மாவுக்குத் தெரியாதா? வாய் தவறிய பிறகு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸக்கியா கழற்றவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. பழைய துணியொன்றைக் கிழித்து, வளையல்கள் ஒன்றோடொன்று முட்டாதபடி இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இனிச் சத்தம் வராது மாமி. போதுமா?"

"அந்தத் தெரையையும் கழட்டு. இந்த வீட்டுல இனி இங்கிலீசு இல்ல!"

திரை இறங்கியது. அன்றோடு மாமியும் மருமகளும் பேசுவதும் நின்றது.

இந்தத் திரையின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஹுஸைனுக்கு வாவியோரத்தில் கருங்காலி யானையும் லேசுப் பின்னலும் விற்கும் ஒரு கடை. வருகிற வெள்ளைக்காரரிடம் 'குட் மார்னிங் லேடி, வெரி சீப் லேடி' என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஹுஸைனுக்கு வாய் இருந்தது, இங்கிலீசுதான் இல்லை! ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றபோது, கடைக்காரர் எல்லாருக்கும் தானே இங்கிலீசு படித்துக் கொடுப்பதாக அளந்துவிட்டார். மறுவாரமே தாடியும் தொப்பியுமாக வளர்ந்த ஆம்பிளைகள் சிலேட்டோடு வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

காப்பாற்றியது ஸக்கியா. அவளுடைய வாப்பா மாத்தளையில் வழக்குப் பேசும் ஒரு புரக்டரிடம் கிளாக்கராக இருந்தவர். ஆண் பிள்ளை இல்லாத குறைக்கு, தான் கற்ற இங்கிலீசையெல்லாம் இந்த ஒற்றை மகளுக்குக் கொடுத்துவிட்டு மௌத்தானார். முதல் நாள் ஹுஸைன் பிழையாகச் சொன்ன முதல் வசனத்தை உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டவளுக்கு மனம் பொறுக்கவில்லை. கை தானாக உதறியது. வளையல் இரண்டு தரம் சத்தமிட்டது. ஹுஸைன் ஆள் கெட்டிக்காரர்தான், சட்டென்று வேறு மாதிரி மாற்றிச் சொன்னார். வளையல் ஒரு தரம் சத்தமிட்டது.

அப்படித்தான் தொடங்கியது. காலையில் ரொட்டி தட்டிக்கொண்டே புருஷனுக்குப் பாடம் சொல்வாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வகுப்பில் அதைச் சொல்வார். மாணவர்கள் வசனம் சொல்லும்போது திரைக்குப் பின்னாலிருந்து வளையல் தீர்ப்புச் சொல்லும். மாணவர்களுக்கு விஷயம் புரிய அதிக நாளாகவில்லை. ஆனாலும் அந்த வீட்டின் மானத்தை நினைத்து ஒருவரும் வெளியே வாய் திறக்கவில்லை. பேர் ஹுஸைனுக்குப் போயிற்று. போகட்டுமே, அவருக்குப் போனால் என்ன, எனக்குப் போனால் என்ன என்றுதான் ஸக்கியா நினைத்தாள்.

அவர்கள் வாய் காட்டிக்கொடுக்காததைக் கழுத்து காட்டிக்கொடுத்தது! திகனயிலிருந்து வந்து பித்தளைக் கடையில் நிற்கும் மாணவன் ஹபீல், ஒரு வெள்ளைக்காரிக்கு விளக்கின் விலையை அழகான இங்கிலீசில் சொன்னான். சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து, காதைப் பின்பக்கம் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவளும் நின்றாள். பிறகு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவளே எட்டிப் பார்த்தாள்! தெல்தெனியவில் கொக்கோ வாங்கும் அஸீமும் தோட்டத்துத் துரைக்கு முன்னால் இப்படித்தான் கழுத்தைச் சாய்த்து நின்றாராம். கடைவீதியில் பகிடி கிளம்பிற்று. கேலி பொறுக்காத ஹபீல், "வளையல் சத்தம் கேக்காம அடுத்த வார்த்த எப்பிடி வரும்?" என்று உடைத்துவிட்டான். அதுதான் கலியாண வீடு வரைக்கும் போனது.

மாஸ்டர் என்ற பேர் போனதில் ஸக்கியாவுக்குக் கவலையில்லை. வகுப்பு நின்றதுதான் நெஞ்சை அறுத்தது. தரகர் இல்லாமல் துரையோடு தானே பேச அஸீம் இப்போதுதான் துணிந்திருந்தார். ஹபீலுக்கு ஹோட்டலில் வேலை கிடைக்கும் போல இருந்தது. அத்தனை பேரையும் ஆற்று நடுவில் இறக்கிவிட்டது போலாயிற்றே! அதைவிடப் பெரிய வேதனை, கலியாணம் முடித்து வந்த நாள் முதல் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட மாமி இப்போது முகம் பார்ப்பதில்லை.

பேசாவிட்டாலும் ஸக்கியா மாமியைக் கவனிக்காமல் இல்லை. தொழுகையில் எழும்போது ஆஸியா உம்மா சுவரைப் பிடித்தாள். கிணற்றடியில் யாரும் வருமுன் துணிகளை அவசரமாகக் கசக்கினாள். ஒரு நாள் சட்டிபானைகளுக்கு நடுவே அப்படியே சரிந்து விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கிய ஸக்கியாவின் கையெல்லாம் இரத்தம்!

"யா அல்லாஹ்! எத்தின நாளா மாமி இப்பிடி? ஏன் சொல்லல்ல?"

"மாசக் கணக்கா ஈக்கு... ஆம்புளப் புள்ளகிட்ட இதச் சொல்றதா? அதுக்கு மௌத்தாப் போறது நல்லம்."

ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்களைப் பார்க்கிறவர் புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. அவருக்கு இங்கிலீசைத் தவிர ஒன்றும் தெரியாது. நோயாளி சொல்வதை எடுத்துச் சொல்ல ஒரு ஆம்பிளைதான் நின்றான். அவனைக் கண்டதும் ஆஸியா உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கட்டிலைச் சுற்றியிருந்த மறைப்புக்கு வெளியே நின்ற ஹுஸைன், "நான் சொல்றன் உம்மா..." என்றார்.

"நீ வெளிய போ மகன்! இது நீ கேக்குற கத இல்ல!"

டாக்டரம்மா ஸக்கியாவைப் பார்த்து, "வேர் இஸ் த பெய்ன்?" என்றார். வலி எங்கே என்கிறார். ஸக்கியாவுக்கு அது விளங்காதா? ஆனால் இத்தனை காலமும் இங்கிலீசு அவளுக்கு வாப்பாவோடும் புருஷனோடும் வீட்டுக்குள் இருந்த பாஷை. முன்பின் தெரியாத ஒருவர் முகத்துக்கு நேரே அவள் ஒரு வசனமும் பேசியதில்லை. டாக்டரம்மா மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஆம்பிளையைக் கூப்பிடக் கையைத் தூக்கினார்.

அப்போது ஸக்கியாவின் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. கட்டிலில் கிடந்தபடியே ஆஸியா உம்மா, அந்தத் துணி முடிச்சைத் தேடித் தேடி அவிழ்த்தாள். துணி தரையில் விழுந்தது.

"பேசு மகள்... ஒன்ன விட்டா எனக்கு வேற வாய் இல்ல."

சொல்லிவிட்டு மருமகளின் கையை உலுக்கினாள். ஒரே ஒரு தரம். வளையல் சத்தமிட்டது.

ஸக்கியா பேசினாள். முதல் வசனம் தடுக்கியது. இரண்டாவது நிமிர்ந்து நின்றது. எங்கே வலி, எப்போது தொடங்கியது, இரத்தம் எப்படிப் போகிறது என்று கண்ணீரோடு ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு, இங்கிலீசில் ஒரு எழுத்தும் அறியாத ஆஸியா உம்மா அவள் கையை ஒரு தரம் உலுக்கினாள். இரண்டு தரம் உலுக்கவேயில்லை!

உடனே ஒப்பரேசன் செய்ய வேண்டும், இன்னும் பிந்தியிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. ஸக்கியா அதைத் தமிழில் சொன்னபோது ஆஸியா உம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"கழட்டுண்டு சொன்ன இந்த வாய் வெந்து போகாதா மகள்..."

"அப்பிடிச் சொல்லாதீங்க மாமி! ஒங்கட வாயில இருந்து வந்தது கோவம்தானே, சாபம் இல்லயே!"

உள்ளே வந்த ஹுஸைன் உம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். "உம்மா, அந்த மாஸ்டர்ங்கிற பேரு ஏன்டது இல்ல. அண்டைக்கு நான் வாயத் தொறக்கல்ல..."

"தெரியும்டா! ஒன்னப் பெத்த எனக்கு ஒன்ட இங்கிலீசு தெரியாதா? ஊரு சொல்லிக் கேக்கத்தான் மனம் தாங்கல்ல. இப்ப எனக்கு முன்னால சொன்ன மாதிரி, படிக்க வாறவங்களுக்கு முன்னாலயும் சொல்லு."

ஆஸியா உம்மா தேறி வீடு வந்ததும் திரை மறுபடி ஏறியது. இந்தத் தரம் அதைத் துவைத்துக் கொடுத்ததே அவள்தான். மாணவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ஹுஸைன் எழுந்து நின்று, "இது நாள் வரைக்கும் ஒங்களுக்குப் படிச்சுத் தந்தது நான் இல்ல, உள்ள ஈக்கிறவங்க" என்றார். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டியிருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் மருமகளோடு ஒட்டி உட்கார்ந்திருந்த ஆஸியா உம்மா குரல் கொடுத்தாள். "நபி நாயகத்துட மனைவி ஆயிஷா நாயகியும் தெரைக்குப் பின்னால இருந்துதான் பாடம் சொல்லிக் குடுத்தாங்க. சிரிக்கிறவங்க அதையும் தெரிஞ்சிக்கிட்டுச் சிரிக்கட்டும். இனி வளையல் என்னத்துக்கு? மகள், நீ வாயாலயே சொல்லு!"

ஹபீல் எழுந்து, ஹோட்டலில் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னான். பிறகு ஸக்கியாவின் குரல் முதன்முறையாக அந்த அறைக்குள் வந்தது.

"குட். கோ ஆன்."

ஹபீல் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். பாயில் இருந்த அத்தனை கழுத்துகளும் அதே பக்கம் சாய்ந்தன.

"பழக்கம் போகாது போல ஈக்கே!" என்று சிரித்தாள் ஆஸியா உம்மா. மருமகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, ஒரே ஒரு தரம் உலுக்கினாள்.