மொட்டை விரல் சந்தனம்

துடைத்த பொட்டு மறுபடியும் இருந்தது.

நேற்று ராத்திரிதான் ஜெகதீசன் அதை எடுத்திருந்தான். ஹார்ட் டிஸ்கின் மேல்தகட்டில் காய்ந்து பொருக்குத் தட்டிப்போன சந்தனம், நடுவில் கறுத்துப்போன குங்குமம். நகத்தால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்து, தகடு பளிச்சென்று ஆன பிறகுதான் மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனான். இன்று மத்தியானம் சோறு தின்று கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அதே இடத்தில் சந்தனம். தொட்டான். ஈரம்.

நாளைக்கு ஆயுதபூஜை. மனைவி சாமுண்டீஸ்வரி வைத்திருப்பாளோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். ஆனால் அவள் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள். சந்தனப் பாக்கெட்டும் பிரிக்காமல் அலமாரியில்தான் கிடந்தது. அதுவுமில்லாமல், அவள் வைத்தால் விரல் ரேகை பதியும். இதில் ரேகை இல்லை. வழவழவென்று, சப்பையாக, நுனியில்லாத ஒரு விரல் அழுத்திய தடம்.

அது யாருடைய விரல் என்று அவனுக்குத் தெரிந்திருந்ததுதான் கண்ணுகளா, சங்கடம்.

பருத்திப்பட்டில் வீட்டின் முன்னறையையே கடையாக்கி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் அவன். பழைய இரும்புக் கடைக்கு வரும் செத்த கம்ப்யூட்டர்களை எடுத்து வந்து பிரித்து, தேறுகிற பாகங்களை வைத்துக்கொள்வான். பத்து நாள் முன்னால் அப்படி வந்த ஒரு பெட்டியில் ரேம், ஃபேன், பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க் நாலுமே தேறின. பெட்டிக்கு வெளியே பொட்டு வைப்பதை ஊரெல்லாம் பார்த்திருக்கிறான். உள்ளே, டிஸ்கின் மேல் வைத்திருந்ததை அன்றுதான் பார்த்தான்.

மறுநாளே வெள்ளானூரிலிருந்து கன்னியம்மாள் வந்துவிட்டாள். அறுபது வயசிருக்கும். மூச்சு வாங்கியது.

“மருமவன் ஊட்ட ஒழிக்கிறேன்னு தூக்கிப் போட்டுட்டான் நைனா. கடைக்காரன் உன்னாண்ட குட்த்தேன்னான். எங்க ஊட்டுக்காரரு குரலு அதுலதான் கீது.”

அவள் வீட்டுக்காரர் எத்திராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். மோதிர விரலின் நுனியை அந்த மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தவர். கடைசியில் தொண்டையில் புற்று. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், ஒரு மாசம் மைக்கின் எதிரே உட்கார்ந்து, பெண்டாட்டிக்கு வேண்டியதையெல்லாம் பேசிப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். நாற்பது பேச்சு.

“அந்த மொட்ட வெரலாலதான் பொட்டு வெப்பாரு. இனிமே என் தொண்ட இதான்டின்னு, பொட்டியத் தொறந்து உள்ள வெச்சாரு. அவரு போயி ஒரு வருசம் தெனமும் கேட்டுகினு இருந்தேன். அப்பால பொட்டி மக்கர் பண்ணிடுச்சு. கொஞ்சம் பாரு நைனா.”

டிஸ்க் மேசையில், அவள் கண்ணெதிரேதான் கிடந்தது. அன்று காலைதான் கேமரா மாட்டுகிற வெங்கட்டுக்கு அதைத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

“டிஸ்க் செத்துப்போச்சும்மா,” என்றான்.

அவள் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “சரி நைனா. வெறும் பொட்டியாவது குடு. அவரு கை பட்டது. பூஜைக்கு மொத நாளு வந்து வாங்கிக்கிறேன்.”

அன்றே பின்னால் ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று இருந்துவிட்டான். டிஸ்கை மாட்டிப் பார்த்தான். நாற்பதும் பத்திரமாக இருந்தன. ஒன்றைத் திறந்தான். முதலில் கனைப்பு. சளி கட்டிய தொண்டையின் கனைப்பு, இரண்டு தரம். பிறகு, “கன்னி, கேஸ் சிலிண்டர் மாத்தச்சொல்ல...” சட்டென்று மூடினான். சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் போதும் என்று ஒரு வெறி. டிஸ்க் முழுவதையும் அழிக்கக் கட்டளை கொடுத்துவிட்டுப் படுத்தான். மறுநாள் காலையில் அதில் ஒன்றுமே இல்லை.

திட்டாதீர்கள் அவனை. அன்றிலிருந்து அவன் தன்னைத் திட்டிக்கொள்ளாத வேளை இல்லை. டிஸ்கை வெங்கட்டிடம் கொடுக்கவும் கை வரவில்லை.

போன் அடித்தது. வெங்கட்தான்.

“மாமே, டிஸ்க் இன்னா ஆச்சு? புதுப்பொண்ணு மாதிரி இழுத்துகினே கீறியே.”

“சாயங்காலம் வாடா.”

“மொதல்ல இருமலுக்கு மாத்திரை போடு.”

“நான் எங்கடா இருமுனேன்?”

“அப்ப பக்கத்துல கனைக்கிறது யாரு? பெரியவர் யாரோ.”

ஜெகதீசன் திரும்பிப் பார்க்கவில்லை. போனை மெதுவாக மேசைமேல் வைத்தான். தெருவில் யாரோ ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார்கள்; வாளித் தண்ணீர் சளேர் சளேரென்று தகரத்தில் அடித்தது. ஏரிப்பக்கமிருந்து பாசி நாற்றம் காற்றோடு வந்து, அறைக்குள் நுழைந்ததும் எப்படியோ சந்தன வாசனையாக மாறியது. கரண்ட் போயிற்று. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிச் சுற்றி, தளர்ந்து, நின்றது. தெருச்சத்தமும் நின்ற மாதிரி இருந்தது.

அலமாரியில், அந்தப் பெட்டியிலிருந்து கழற்றி வைத்த சின்ன ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒயர் எதிலும் மாட்டவில்லை.

டிஸ்கைத் தூக்கி வெளியே எறிந்துவிடலாம் என்று எடுத்தான். சூடாக இருந்தது. மெஷின் சூடு இல்லை. காய்ச்சல்காரனின் கழுத்தைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. கீழே போட்டான்.

ரேமில் ஒரு பொட்டு. பவர் சப்ளையில் ஒன்று. சரி, அவை அவருடையவை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரில்? அது இவனுடையது. சால்டரிங் அயர்னில். நாற்காலிக் கையில். இப்போது பேசிவிட்டு வைத்த போனில்.

எல்லாம் ஈரம். எதிலும் ரேகை இல்லை. எதிலும் குங்குமம் இல்லை.

கிட்டே வருகிறது.

கம்பிக்கதவு தட்டப்பட்டது.

“நைனா, கீறியா? பொட்டி குடு.”

கன்னியம்மாள். கையில் மஞ்சள் பை. வெயிலில் வந்த முகம்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. செருப்பால் அடித்தாலும் சரி. ‘டிஸ்க் சாகலம்மா, நான்தான் அழிச்சேன்.’ அவ்வளவுதான். வார்த்தைகளை வாய்க்குள் கூட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

தொண்டைக்குழியில் ஜில்லென்றது.

நுனியில்லாத விரல். நிதானமாக வைத்து, அழுத்தி, எடுத்தது.

கருவிக்கு வைப்பதுபோல.

வாயைத் திறந்தான். கனைப்பு வந்தது. சளி கட்டிய கனைப்பு. இரண்டு தரம்.

“கன்னி, கேஸ் சிலிண்டர் மாத்தச்சொல்ல வாஷர் கீதான்னு மொதல்ல பாரு. அவசரப்படாத.”

அது அவன் குரல் இல்லை. நிறுத்தப் பார்த்தான். பல்லைக் கடிக்கப் பார்த்தான். தாடை கேட்கவில்லை. நான்தான் அழிச்சேன், நான்தான் அழிச்சேன் என்று உள்ளே கத்தினான். வாய் ரெகுலேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் நீர் கொட்டியது. கண் மட்டும்தான் அவனுடையதாக மிச்சமிருந்தது.

கன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு முடிகிறவரை ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்டாள். முடிந்ததும் எழுந்து வந்து, அவன் கண்ணீரைத் துடைத்தாள். அவன் தொண்டையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமாங்க,” என்றாள், மெதுவாக.

மஞ்சள் பைக்குள் கைவிட்டு, பூஜைக்கு வாங்கிய குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தாள். மோதிர விரலால் தொட்டு, ஈரச் சந்தனத்தின் நடுவில் வைத்தாள். தள்ளி நின்று சரிபார்த்தாள்.

“ஊட்டுக்குப் போலாம், வாங்க.”

பெட்டியை அவள் கேட்கவே இல்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் கால்கள் படியிறங்கின. உள்ளே போன் அடித்தது. திரையில் சாமுண்டீஸ்வரி, அவள் பெயரின் மேல் சந்தனம். வெயிலில் இருவரும் நடக்க, அவன் தொண்டை மறுபடி கனைத்துக்கொண்டது. இரண்டு தரம்.

“கன்னி, கேக்குதா?”